மீனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணம் என்றால் நம்மவர்கள் எத்தனை பொருத்தம் பார்க்கிறோம்! நட்சத்திரப் பொருத்தம், கணப் பொருத்தம், ராசிப் பொருத்தம் என்று ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் தேடி அலைகிறோம்! ஆனால் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழப்போகும் மீன்களுக்கு மட்டும் ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்துவிடுகிறோம். பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்போது, "நம் கைக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லிக் கொள்கிறோம்.

ராசி மேல் பழி போடுவதற்கு முன்னால் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தீபாவளி முடிந்த சில வாரங்களுக்குப் பிறகு தானா ராத்தாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். வழக்கமாக நான் படியேறும்போதே ஓடிவந்து பையைப் பிடுங்கிக் கொள்பவன், அன்று கூடத்து மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே இரண்டு தங்க மீன்கள் மட்டும் நீந்திக் கொண்டிருந்தன.

"என்னடா மருமகனே, பத்து மீன் வாங்கினதா உங்கம்மா போன்ல சொன்னாங்களே?"

"எட்டு செத்துப் போச்சு மாமா" என்றான். குரல் உடைந்தது.

தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் காசையெல்லாம் சேர்த்து வைத்து, அத்தானை நச்சரித்து, ஈப்போவுக்குப் போய் வாங்கி வந்த மீன்கள் அவை. இரண்டு ஏஞ்சல் மீன், ஒரு சண்டை மீன், நான்கு டைகர் பார்ப் என்ற வரி மீன், கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் என்று கொடுத்த ஒரு ஈக்கான் பண்டாராயா, கடைசியாக இரண்டு தங்க மீன். பார்க்க வானவில் மாதிரி இருந்ததாம்.

முதல் வாரத்திலேயே வரி மீன்கள் ஏஞ்சல் மீனின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் குதறிவிட்டன. சண்டை மீன் அடியில் போய்ப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. பிறகு எல்லா மீன்கள் மேலும் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். மீன்களுக்குக் குளிரும் என்று பயந்து, அக்கா இரவு படுக்கப் போகும்போது ஒரு கெத்தில் சுடுதண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வந்திருக்கிறார். மூன்றே வாரம். பத்தில் எட்டுப் போயிற்று.

"சாமி குத்தமா இருக்குமோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

நான் சந்தையில் வாங்கிய சின்ன வெப்பமானியை மறுநாள் அதிகாலை தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். 17 டிகிரி செல்சியஸ். விடை அங்கேயே இருந்தது.

ரப்பரும் தேயிலையும்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்குள்ளேயே நிற்கும். இரவில் 16, 15 என்று இறங்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாக வானிலைத் துறையின் பதிவு சொல்கிறது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான்.

இந்தக் குளிர் இருப்பதால்தான் இங்கே தேயிலை வந்தது. 1929இல் ஜே.ஏ. ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலையைத் தேடி வந்ததற்கு இந்தச் சீதோஷ்ணமே காரணம். கீழே பேராக்கிலும் சிலாங்கூரிலும் பால்மரம் செழித்தது, மேலே தேயிலை செழித்தது. ரப்பர் கன்றைக் கொண்டுவந்து தானா ராத்தாவில் நட்டுவிட்டு, "ஏன் பால் வடியவில்லை?" என்று யாராவது கேட்பார்களா? ஆனால் மீன் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம். ஈப்போக் கடையில் 28 டிகிரித் தண்ணீரில் நீந்திய மீனை அன்று மாலையே மலையேற்றி, 17 டிகிரித் தண்ணீரில் விட்டுவிடுகிறோம்.

சண்டை மீன் சயாம் நாட்டுச் சமவெளி மீன். ஏஞ்சல் மீன் அமேசான் நதிப் பக்கத்து மீன். இரண்டுக்கும் 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். குளிர் தாக்கியதும் அவற்றின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து வெள்ளைப்புள்ளி நோய்க்கான ஒட்டுண்ணி பற்றிக் கொள்கிறது. தங்க மீன் மட்டும் எப்படிப் பிழைத்தது? அது சீனத்துக் கெண்டை இனம். குளிர் நீரே அதற்குப் பழக்கம். மருமகனின் தொட்டியில் நடந்ததற்குச் சாமி குற்றம் காரணமில்லை. பொருத்தம் பார்க்காததே காரணம்.

சரி, என்னென்ன பொருத்தம் பார்க்க வேண்டும்? பத்துப் பொருத்தம் வேண்டாம், ஐந்து போதும்.

முதல் பொருத்தம்: குளிர்

தொட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வைத்து, அதிகாலையிலும் பிற்பகலிலும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். அந்த இரண்டு கணக்குக்கும் இடையில் சுகமாக வாழக்கூடிய மீனைத்தான் தேட வேண்டும்.

சூடேற்றும் கருவி வாங்கி மாட்டினால் என்ன என்று சிலர் கேட்கலாம். மாட்டலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 100 வாட் கருவி இரவில் 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம். மாதத்துக்கு 30 யூனிட். மழைக்காலத்தில் பகலிலும் எரியும். ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டால் அத்தனை நாள் செலவழித்ததும் வீண். குளிருக்குப் பழகிய மீனை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

அக்கா செய்தது போல் சுடுதண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும்விட மோசம். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டையே தன் சூடாகக் கொண்டது. சில நிமிடத்தில் நான்கைந்து டிகிரி ஏறுவதும், விடிவதற்குள் மறுபடி இறங்குவதும் அதற்குத் தாங்காது. நிலையான குளிரைத் தாங்குகிற மீன்கூட இந்த ஏற்ற இறக்கத்தில் நோயில் விழுந்துவிடும்.

இரண்டாம் பொருத்தம்: தண்ணீர்

எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. கருங்கல் மலையில் ஊறி வரும் நம் மலைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, சுண்ணாம்புச் சத்து குறைந்தது. சவர்க்காரம் போட்டால் பொங்கிப் பொங்கி நுரைக்கிறதே, அதுவே அடையாளம். மாலி என்னும் மீனுக்கும் கப்பி மீனுக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள நீர் பிடிக்கும். சமவெளி லோங்காங்குகளில் நாம் சின்ன வயதில் டின் போட்டுப் பிடித்த கப்பி எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். ஓரளவு தாங்கும்தான். ஆனால் மென்மையான குளிர் நீரில் அது மெலிந்து, செட்டை ஒடுங்கிப் போவதுண்டு. குளிருக்கும் மென்னீருக்கும் சேர்த்துப் பொருந்துகிற மீன்கள் இருக்கும்போது ஏன் சிரமப்பட வேண்டும்?

மூன்றாம் பொருத்தம்: வாய்

மீன்களின் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. வாய்க்குள் போவதெல்லாம் இரை. கடையில் பார்க்கும்போது எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாம் குஞ்சுகள். ஆறு மாதம் கழித்து ஏஞ்சல் மீன் உள்ளங்கை அளவு வளர்ந்து, கூட இருந்த சின்ன மீனை விழுங்கிவிடும். வாங்கும் முன்பு கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எவ்வளவு பெரிதாக வளரும்?" என்பதுதான்.

ஈக்கான் பண்டாராயாவை எடுத்துக் கொள்ளுங்கள். மாநகராட்சிக்காரர்கள் குப்பையைத் துப்புரவு செய்வது போல் அழுக்கைத் தின்னும் என்று அதற்கு அந்தப் பெயர். விரல் நீளத்தில் வாங்குகிறோம். அது ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது. தங்க மீனும் அப்படித்தான். நன்றாக வளர்ந்தால் ஆறு அங்குலத்தைத் தாண்டும், நிறையக் கழிவும் வெளியேற்றும். வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் வளர்ப்பது படத்தில் பார்க்க அழகு, மீனுக்கு அது சிறைச்சாலை.

நான்காம் பொருத்தம்: குணம்

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காரராக இருந்தால் நமக்கு வாழ்க்கை எப்படி இருக்கும்? மீனுக்கும் அதே கதைதான். இரண்டு ஆண் சண்டை மீன்களை ஒன்றாக விடக்கூடாது என்பது தோட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். ஆனால் டைகர் பார்ப் மற்ற மீனின் நீண்ட செட்டையைக் கடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மெல்ல நீந்தும் மீனோடும், தொங்கும் செட்டையுள்ள மீனோடும் அதைச் சேர்க்கக் கூடாது.

1990களின் இறுதியில் நம் நாட்டில் உருவாக்கப்பட்டு, சில ஆண்டுகள் வீடெங்கும் பைத்தியமாகப் பரவிய லோ ஹான் மீன் பலருக்கு நினைவிருக்கும். நெற்றி புடைத்த அந்த மீனை எதனோடும் சேர்க்க முடியாது. தனித் தொட்டியில் தனி ராஜாவாகத்தான் அது வாழும். குடும்பமாக வாழும் தொட்டிக்குள் அதற்கு இடமில்லை.

ஐந்தாம் பொருத்தம்: கூட்டமும் இடமும்

சில மீன்கள் கூட்டமாக வாழப் பிறந்தவை. அவற்றை ஒன்றிரண்டாக வாங்கினால் பயந்து மூலையில் ஒடுங்கும், நிறம் மங்கும், சில நேரம் ஒன்றையொன்று கடிக்கும். ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். "ஒவ்வொரு வகையிலும் இரண்டு கொடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். அதை இன்றோடு விட்டுவிடலாம். இரண்டே வகை போதும், வகைக்கு ஐந்தாறு இருக்கட்டும்.

மேல்மட்டத்தில் நீந்தும் மீன், நடுவில் நீந்தும் மீன், அடித்தரையில் மேயும் மீன் என்று மூன்று வகை உண்டு. மேலும் நடுவிலும் நீந்தும் ஒரு வகையும் அடியில் மேயும் ஒரு வகையும் எடுத்தால், ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடாது. மாடி வீட்டில் இரண்டு குடும்பம் சுமுகமாக வாழ்வது போலத்தான்.

மலை வீட்டுக்கு ஏற்ற மீன்கள்

இந்த ஐந்து பொருத்தமும் பார்த்து, கேமரன் மலையில் சூடேற்றும் கருவி இல்லாமல் வளர்க்கக் கூடிய மீன்கள் எவை?

முதலிடம் வெண்மேக மீனுக்கு. கடையில் ஒயிட் கிளவுட் என்று கேளுங்கள். ஒன்றரை அங்குலம்தான் வளரும். பழுப்பு உடம்பில் பொன் கோடு, வால் அடியில் சிவப்பு. சீனாவில் குவாங்சோ நகருக்கு அருகில் உள்ள வெண்மேக மலையின் ஓடையில் டான் என்ற சாரணர் தலைவர் இதைக் கண்டெடுத்தார். 1932இல் அறிவியல் பெயர் வைத்தபோது, "டானின் மீன்" என்று பொருள்படும்படி அவர் பெயரையே சூட்டினார்கள். மலை ஓடையில் பிறந்த மீனாகையால் 16 முதல் 22 டிகிரி வரை அதற்குச் சொர்க்கம். வெயில் நாட்டுத் தொட்டியில்தான் அது சீக்கிரம் ஆயுள் முடியும். விலை உயர்ந்த நியான் மீனுக்கு மாற்றாக இருந்ததால் இதற்கு ஏழையின் நியான் என்று ஒரு காலத்தில் பெயர். நம் மலை வீட்டில் இதுதான் பணக்கார மீன்!

அடுத்தது வரிக்குதிரை மீன், அதாவது சீப்ரா டானியோ. நம் பாரதத்து மீன். கங்கைச் சமவெளி ஆறுகளில் இருந்த மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதைப் பதிவு செய்தார். உடம்பு முழுக்க நீலக் கோடுகள். 18 டிகிரியிலும் துள்ளி ஓடும். இன்று உலகமெங்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்க்கப்படுவதும் இதே மீன்தான். ஓயாமல் ஓடும் குணம் என்பதால் இதை மந்தமான மீனோடு சேர்க்க வேண்டாம். துள்ளிக் குதிக்கும், தொட்டிக்கு மூடி அவசியம்.

அடித்தரைக்கு மிளகுக் கோரி. கடையில் பெப்பர்ட் கோரி என்பார்கள். தென் அமெரிக்காவின் குளிர்ந்த பகுதி மீன், இரண்டரை அங்குலம் வளரும், 18 முதல் 23 டிகிரி ஏற்றது. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842இல் இதற்குப் பெயர் சூட்டினார்கள். மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். கூர்மையான கல் போட்டால் மீசை தேய்ந்துவிடும், அதனால் மெல்லிய மணல் வேண்டும். இடையிடையே மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பயப்படாதீர்கள், குடலாலும் மூச்சு விடக் கூடிய மீன் அது.

மூன்றடித் தொட்டி உள்ளவர்கள் ரோஸி பார்ப் வளர்க்கலாம். இதுவும் இந்தியாவிலிருந்து வந்ததே, குளிரைத் தாங்கும். இரண்டடித் தொட்டிக்கு அது சற்றுப் பெரிது.

இன்னொரு மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்பும் கறுப்பும் கோடிட்டு, மிஸ் கேரளா என்ற பெயரில் விற்கப்படும் மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பிறந்தது, குளிர் தாங்கும். சென்னை ஆளுநராக இருந்த டெனிசன் துரையின் பெயரை 1865இல் இதற்கு வைத்தார்கள். பார்த்தவர் எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஆனால் நான்கைந்து அங்குலம் வளர்ந்து, கூட்டமாக வேகமாக நீந்தும் இனம். நான்கடித் தொட்டி இல்லாதவர்கள் ஆசையை அடக்கிக் கொள்ள வேண்டியதுதான். கண்மூடித்தனமாகப் பிடித்து விற்றதால் அதன் சொந்த ஆறுகளில் அது அருகிவிட்டது. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் எட்டு வெண்மேக மீன், ஐந்து மிளகுக் கோரி தாராளமாக வாழலாம். இடமிருக்கிறதே என்று அதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

மீனுக்கு முன்னே வரவேண்டிய விருந்தாளி

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் நாம் செய்யும் அடுத்த தவறு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கிருமி அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைக் கிருமி அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு தீங்கு செய்யாது. இந்த நல்ல கிருமிகள் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர் நீரில் இன்னும் தாமதமாகும்.

ஆகவே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காற்றுப் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்சு வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு துளி மீன் தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி அந்தக் கிருமிகளுக்கு உணவாகும். ஏற்கெனவே நன்றாக மீன் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். வேலை விரைவாக முடியும். பிறகும் எல்லா மீனையும் ஒரே நாளில் விடாமல், முதலில் வெண்மேக மீன், இரண்டு வாரம் கழித்துக் கோரி என்று விடுவது நல்லது.

கடையிலிருந்து வந்த பையைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து வாருங்கள். ஒரு மணி நேரம் போனதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடலாம். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த மீனுக்கு இந்த ஒரு மணி நேரமே உயிர்.

தோட்டத்து வீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் உள்ள ஆபத்துகளைப் பற்றிப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. அவற்றை இல்லத்தரசிகளும் பிள்ளைகளும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது. பூச்சி மருந்தில் ஒரு சொட்டின் சிறு பகுதியே மீனைக் கொல்லப் போதும். குளித்து, உடை மாற்றி, கையை நன்றாக அலசிய பிறகே தொட்டிப் பக்கம் போக வேண்டும். மருந்துத் தோம்பையோ மருந்து கலக்கிய வாளியையோ கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம். மீனுக்கென்று தனி வாளி ஒன்று வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் கொசு மருந்து, கரப்பான் மருந்து பீச்சும்போது தொட்டியை மூடிக் காற்றுப் பம்பை நிறுத்திவிடுங்கள். பம்பு அறையில் உள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மருந்துக் காற்றையும் அப்படியே சேர்த்து இழுத்துவிடும். அறை நன்றாகக் காற்றோடிய பிறகு பம்பை மறுபடி போடலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தை அளவு பார்த்துச் சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை நம்ப வேண்டாம். தெளிவாக இருந்தாலும் மருந்து கலந்திருக்கலாம்.

வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் அந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அதைப் பிழிந்து எடுங்கள்.

குளிரில் மீனுக்குச் செரிமானம் மெதுவாக நடக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு ஒரு சிட்டிகை, நாளுக்கு ஒரு முறை போதும். "பாவம், பசிக்கும்" என்று பிள்ளைகள் வந்து வந்து போடும் தீனிதான் பல மீன்களைக் கொல்கிறது.

தொட்டியின் பின்புறத்திலும் அடியிலும் வெள்ளைப் பாலிஸ்டிரின் பலகை வைத்தால் இரவில் சூடு சட்டென்று இறங்காது. சன்னல் வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் தொட்டியை வைக்காதீர்கள். இன்னொரு செய்தி, தண்ணீரே 50 கிலோ இருக்கும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த ஆளின் எடை. பழைய பலகை மேசை தாங்காது.

வேண்டாம் என்றால் என்ன செய்வது?

வளர்க்க முடியாமல் போனால் பலர் என்ன செய்கிறார்கள்? "பாவம், உயிரோடு போகட்டும்" என்று ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் பாவம் அது. ஈக்கான் பண்டாராயா இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் மண்டிக் கிடக்கிறது. யாரோ தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் கொட்டவில்லை. நம்மைப் போன்றவர்கள் தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று விட்ட மீன்கள் பெருகியதுதான் பெரும் காரணம். உள்ளூர் மீனுக்கு உணவும் இடமும் குறைந்து போயிற்று.

நம் பெர்தாம் ஆறு பிரிஞ்சாங், தானா ராத்தா வழியாக ஓடி ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. வெண்மேக மீன் போன்ற குளிர் தாங்கும் மீன்கள் இந்த மலை ஆற்றில் பிழைத்துப் பெருகவும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்கோ வளர்க்கும் நண்பருக்கோ கொடுங்கள். ஆற்றில் மட்டும் விட வேண்டாம்.

மறுபடியும் அக்கா வீட்டில்

மருமகனின் இரண்டு தங்க மீன்களையும், வீட்டுப் பின்புறம் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் அத்தானின் நண்பருக்குக் கொடுத்தோம். தொட்டியைக் கழுவி, மணலை மாற்றி, ஸ்பாஞ்சு வடிகட்டியைப் போட்டு ஓடவிட்டோம். அந்த நண்பர் தன் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சும் கொடுத்தார்.

"இப்பவே மீன் வாங்கலாமா மாமா?"

"இல்லடா. ஒரு மாசம் பொறு. வெப்பமானியப் பார்த்து தினமும் காலையில எழுதி வை."

பிள்ளை பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ஒவ்வொரு நாளும் எழுதினான். 17, 18, 17, 16, 18. ஒரு மாதம் கழித்து நான் போனபோது அந்த நோட்டை என்னிடம் நீட்டினான். அன்றே கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று மின்னும் பெரிய மீன்களைக் காட்டினார். மருமகன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நோட்டைத் திறந்து, "அங்கிள், எங்க வீட்டுத் தண்ணி பதினாறு டிகிரி. இதுல உயிரோட இருக்குமா?" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார். வலையை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த சின்னத் தொட்டிக்குப் போனார்.

எட்டு வெண்மேக மீன்கள் வந்தன. பதினைந்து நாள் கழித்து ஐந்து மிளகுக் கோரி. மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த அந்த மாதங்களில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. இப்போது அக்கா வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் உட்காருகிறார். "இந்தக் குளிருல இதுங்களுக்கு எவ்வளவு சந்தோசம் பாரேன் தம்பி!" என்கிறார்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையும் ஒரு நாள் மீன் கேட்பான். அப்போது முதலில் அவன் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுங்கள். மீன் அடுத்த மாதம் வரட்டும்.